ஒரே பெயரில் இரு பிணைப்புகள்

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரச் சாலை வழியே கோவளம் தமீமுல் அன்சாரி தர்காவுக்குச் செல்வோர், நாவலூரைக் கடந்ததும் சிறுசேரியைக் காண்பர். கணினி நிறுவனங்களால் பெயர்பெற்ற அவ்வூரில், பெண்களுக்கான உயிர்த்தொழில்நுட்பப் பூங்காவில், மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை தனது ஆய்வு நிலையத்தை நிறுவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து அது நாடெங்கும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முன்னிலையில் உள்ளனர் என்றும் அது கணக்கிட்டது.

ஆகவே 'கிளைக்கோசிலேட்டட் ஹீமோகுளோபின்' என்ற வரியைத் தாங்கிய ஆய்வகச் சீட்டு நம்மில் பலரின் இல்லங்களில் இருக்கும். அச்சொல் பிழையானது என்பதையும், அப்பிழையின் பின்னே உயிரியலின் முக்கியமான வேறுபாடொன்று மறைந்திருப்பதையும் இங்கு விளக்க விழைகிறோம்.

கிளைக்கோசிலேஷன் என்பது உயிரணு தன் நொதிகளைக் கொண்டு, குறித்த புரதத்தின் குறித்த இடத்தில், குறித்த சர்க்கரைகளை வரிசை பிறழாது கோக்கும் பணி. அதன் முதன்மையான வகையொன்றில், 14 சர்க்கரை அலகுகள் கொண்ட கிளையொன்று முன்கூட்டியே கட்டப்பட்டு, உருவாகிக்கொண்டிருக்கும் புரதத்தின்மீது அப்படியே ஏற்றப்படுகிறது. பின்னர் அதன் அலகுகள் சில நறுக்கப்பட்டு, வேறு சில சேர்க்கப்படுகின்றன. புரதம் சரியாக மடிந்ததா, எங்கே செல்லவேண்டும் என்பவற்றை உயிரணு இக்கிளைகளைக் கொண்டே பெரிதும் அறிகிறது. இதற்குரிய நொதியொன்று பிறவியிலேயே பழுதுபட்டால் மூளை, ஈரல் முதலிய பல உறுப்புகள் ஒருங்கே பாதிக்கப்படலாம்.

இதற்கு நாமறிந்த சான்று இரத்த வகை. சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் முனையில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை அமர்ந்தால் அது 'ஓ' வகை. அதனோடு கேலக்டோஸ் சேர்ந்தால் 'பி'; கேலக்டோஸின் மாற்றுரு ஒன்று சேர்ந்தால் 'ஏ'. 1952இல் பம்பாயில் பெண்டே முதலிய மருத்துவர்கள், அந்த ஃபியூகோஸே இல்லாத மனிதர்களைக் கண்டறிந்தனர். 'பம்பாய் இரத்த வகை' என இன்று உலகம் அழைப்பது அதுவே. இவர்களுக்கு 'ஓ' வகை இரத்தமும் ஒவ்வாது. தம்மைப் போன்றோரின் இரத்தமே பொருந்தும். ஒரேயொரு சர்க்கரை அலகு உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது!

நமது சீட்டிலுள்ள வரியோ முற்றிலும் வேறான நிகழ்வைக் குறிப்பது. 1968இல் தெஹ்ரானில் ஸாமுவேல் ரஹ்பர் என்ற ஈரானிய அறிஞர், நீரிழிவாளரின் இரத்தத்தில் வழக்கத்திற்கு மாறான ஹீமோகுளோபின் கூறு மிகுந்திருப்பதைக் கண்டார். இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ், எந்த நொதியின் துணையுமின்றி ஹீமோகுளோபினில் தானே ஒட்டிக்கொண்டதால் விளைந்ததே அக்கூறு என்று பின்னர் தெளிவாயிற்று. இது உயிரணு செய்த வேலையன்று, நேர்ந்துவிட்ட ஒட்டு. ரொட்டி சுடும்போது மேற்புறம் பொன்னிறமாகும் வேதிவினையை 1912இல் மெய்யார் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். அவ்வினையின் தொடக்கமே நம் நாளங்களில் மெல்ல நிகழ்கிறது. இதற்கு 'கிளைக்கேஷன்' என்று வேதியியலார் பின்னர் தனிப்பெயர் சூட்டினர். ஆய்வகங்கள் பலவும் பழைய பெயரை இன்னும் விடவில்லை.

பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். ஒட்டு தானே நேர்வதாகையால், அதன் அளவு குளுக்கோஸின் மிகுதியையும், சிவப்பணு எத்தனை நாள் வாழ்ந்தது என்பதையும் பொறுத்தது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதாலேயே, எச்பிஏ1சி எனப்படும் இந்த எண் இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவெனக் கொள்ளப்படுகிறது. ஆனால் அணுக்கள் விரைவில் அழியும் நோயிலும், இரத்தம் ஏற்றியபின்னும் எண் பொய்யாகத் தாழும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் பொய்யாக உயரவும் கூடும். நம் பெண்களிடையே சோகை பரவலாயிருக்க, சீட்டின் ஓர் எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டுவது முறையன்று என்பதே எமது கருத்து.

இதனினும் கவலைக்குரியது ரமளானில் நேர்வது. எண் நன்றாயிருக்கிறதே என்று மருந்தை மாற்றாமல் நோன்பு நோற்போர் பலர். சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் சமன் செய்து காட்டுவது. அஸருக்குப் பின் சர்க்கரை எவ்வளவு தாழ்ந்தது என்பதை அது சொல்லாது. இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் 2001இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவாளரில் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றனர். கடுமையான சர்க்கரைத் தாழ்வு அவர்களிடையே மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு மிகுந்தது. நோயாளிக்குத் திருக்குர்ஆன் அளித்துள்ள சலுகையை அறியாதவர்களல்லர் இவர்கள். அச்சலுகை தமக்கும் உரியது என்பதைச் சீட்டின் எண் மறைத்துவிட்டது எனலாம்.

ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் திருத்திக்கொள்வதே இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். நோன்பு நாளில் விரல்நுனியில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது அறிஞர் பலரின் முடிவு. அப்போது அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழோ, 300க்கு மேலோ இருப்பின், மஃரிபுக்குச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தாலும் நோன்பை விட்டுவிடவேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது.