சாமான்களுக்கு ஓர் அறை: எத்தனை மாதத்திற்கு?

வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர் சாவிக்குக் காத்திருக்கிறார். புது வீட்டின் சாவியோ இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். மனிதர்கள் அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ பாய் விரித்துச் சமாளித்துக்கொள்ளலாம். சோபாவும் சலவை இயந்திரமும் கொலுப் பெட்டிகளும் எங்கே போகும்?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மையாருக்கு, எனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. "ஒரு மாதத்திற்குக்கூட அறை தருகிறார்களாமே தம்பி. வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது விட்டுவிடலாம். நமக்கு வசதிதானே?" என்று அவர் கேட்டார். வசதிதான். ஆனால் அந்த வசதி யாருக்கு எப்போது வசதி என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சொல்லாமல் விட்ட மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் சிங்கப்பூரில் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. வீவக வீட்டை விற்றவர், வேறொரு கட்டி முடிந்த வீட்டை வாங்க ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால், வாங்கியவரின் சம்மதத்தோடும் கழகத்தின் அனுமதியோடும் பழைய வீட்டிலேயே அதிகபட்சம் 3 மாதம் தங்கலாம். வாங்கியவர் சம்மதிக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். இடைக்காலத்திற்கு வாடகைக்குப் போகலாம் என்றால், வீவக வீட்டை 6 மாதத்திற்குக் குறைவாகவும், தனியார் வீட்டை 3 மாதத்திற்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக் கூடாது. இரண்டு மாதத்திற்கு வீடு வேண்டும் என்பவருக்கு அங்கே இடமில்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். தரையை உடைக்கும்போது கட்டிலை எங்கே நகர்த்துவது?

முன்பெல்லாம் வீட்டு வாசலில், பொது நடைபாதையில் அடுக்கினோம். இப்போது வீவக நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் தள்ளுபடுக்கை போக வேண்டிய வழி அது. நகர மன்றத்தின் அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்ட பிறகு அவசர அவசரமாகக் காராங்கூனிக்காரரைத் தேடியவர்களை நாம் அறிவோம்.

ஆகவே 'செல்ஃப் ஸ்டோரேஜ்' எனப்படும் வாடகைச் சேமிப்பறை. அமெரிக்காவில் 1960களில் பரவத் தொடங்கிய இந்தத் தொழில், சிங்கப்பூருக்கு 2000களின் தொடக்கத்தில் வந்தது. பெரும்பாலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களில் இருக்கும். ஒரு தளத்தை உலோகத் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். அலமாரி அளவிலிருந்து ஒரு வீட்டுச் சாமான் முழுவதும் கொள்ளும் அளவுவரை கிடைக்கும். நம் பூட்டு, நம் சாவி. நாமே கொண்டுபோய் வைத்து, நாமே எடுத்து வர வேண்டும்.

'நம் பூட்டு, நம் சாவி' என்பதில்தான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே என்ன வைத்தோம் என்பது நிறுவனத்திற்குத் தெரியாது. அதனால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அது ஏற்பதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்த இடத்தைப் பயன்படுத்த நமக்குத் தரப்படும் உரிமம் மட்டுமே. வீட்டு வாடகை ஒப்பந்தம் தரும் உறுதி அதில் இல்லை. கரையான் அரித்தாலும் ஈரம் பாய்ந்தாலும் காப்புறுதி எடுத்திருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். காப்புறுதியிலும் பணம், நகை போன்றவை பொதுவாகச் சேராது.

இனி அம்மையார் கேட்ட 'ஒரு மாத' விஷயத்திற்கு வருகிறேன்.

மாதக் கணக்கில் ஒப்பந்தம் என்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். அது தானாக முடிவதில்லை. நாம் எழுத்து மூலம் விலகல் அறிவிப்புக் கொடுக்கும்வரை மாதாமாதம் தானாகவே புதுப்பிக்கப்படும். அறிவிப்புக் காலம் பல இடங்களில் இரண்டு வாரம், சில இடங்களில் ஒரு மாதம். மாத நடுவில் காலி செய்தால் மீதி நாள்களுக்குப் பணம் திரும்புமா என்பதும் இடத்திற்கு இடம் மாறும்.

இன்னொன்று, நெகிழ்வு என்பது இரு பக்கமும் வளையும். நாம் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றால், அவர்களும் முன்னறிவிப்புக் கொடுத்து வாடகையை உயர்த்தலாம். 'முதல் மாதம் பாதி விலை' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறோம். அந்தச் சலுகைக்குக் குறைந்தபட்சம் இத்தனை மாதம் தங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். சலுகை முடிந்த பிறகு வாடகை எவ்வளவு, அது எத்தனை மாதம் மாறாமல் இருக்கும் என்ற இரண்டையும் கேட்டு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கணக்குக்காக மாதம் 200 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. ஆக 218 வெள்ளி. மூன்று மாதத்திற்கு 654 வெள்ளி. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் லாரி இரண்டு முறை ஓட வேண்டும். பழைய வீட்டிலிருந்து அறைக்கு ஒரு நடை, அறையிலிருந்து புது வீட்டிற்கு ஒரு நடை. ஒரு நடைக்கு 400 வெள்ளி என்றால் 800. பார்த்தீர்களா, குறுகிய காலத்தில் வாடகையைவிட லாரிச் செலவே பெரிது. இதனால்தான் சாமான் இடம்பெயர்க்கும் நிறுவனங்களிடமும் ஒரு விலை கேளுங்கள் என்கிறேன். பல நிறுவனங்கள் தங்கள் கிடங்கிலேயே வைத்திருந்து நேராகப் புது வீட்டில் இறக்கித் தருகின்றன. இடையில் போய் ஒரு பொருளை எடுப்பது அங்கே சிரமம். மூன்று மாதம் திறக்கத் தேவையில்லாத சாமானுக்கு அது போதும்.

காலம் நீண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். அம்மா காலமான பிறகு அவருடைய மூவறை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எதையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. இரண்டு மாதத்திற்கு ஓர் அறை எடுப்போம், தம்பி தங்கையோடு உட்கார்ந்து நிதானமாகப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அந்த இரண்டு மாதம் பதினான்கு மாதம் ஆனது. மாதப் பணம் வங்கி அட்டையிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் அவசரம் இல்லை. மேலே சொன்ன 218 வெள்ளிக் கணக்கில் பதினான்கு மாதம் என்றால் 3,052 வெள்ளி. கடைசியில் நாங்கள் வீட்டிற்கு எடுத்துப்போனவை ஒரு குத்துவிளக்கு, ஆட்டுக்கல், மூன்று ஆல்பம், அம்மாவின் எட்டுப் புடவைகள். எல்லாம் என் கட்டிலுக்கடியில் அடங்கியிருக்கும். கட்டிலும் அலமாரியும் குளிர்பதனப் பெட்டியும் காராங்கூனிக்காரரிடம்தான் போயின. அவற்றை முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கலாம். பல நகர மன்றங்கள் பெரிய சாமான்களை இலவசமாகவே அகற்றித் தருகின்றன.

அதனால் இப்போது யார் கேட்டாலும், அறை எடுக்கும் நாளிலேயே காலி செய்யும் தேதியை நாள்காட்டியில் எழுதச் சொல்கிறேன். அதற்கு முந்திய அறிவிப்புத் தேதியையும் எழுதச் சொல்கிறேன்.

விலாசம் என்னும் வில்லங்கம்

வாடகை கட்டத் தவறினால் என்ன ஆகும்? முதலில் நுழைவுக் குறியீடு வேலை செய்யாது. பிறகு நம் பூட்டின்மேல் அவர்கள் பூட்டு ஏறும். தாமதக் கட்டணம் சேரும். அறிவிப்பு அனுப்பிய பிறகும் பணம் வராவிட்டால், பூட்டை வெட்டிப் பொருள்களை விற்கவோ அப்புறப்படுத்தவோ ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. கையெழுத்திட்டது நாம்தான்.

"நான் ஏன் கட்டத் தவறப் போகிறேன்?" என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே தவறுபவர் குறைவு. வங்கி அட்டை காலாவதியாகிப் புது அட்டை வந்திருக்கும். அறிவிப்புக் கடிதம் ஒப்பந்தத்தில் கொடுத்த விலாசத்திற்குப் போகும். அந்த விலாசம் எது? விற்றுவிட்ட பழைய வீடு! சேமிப்பறை எடுப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் வீடு மாறிக்கொண்டிருப்பவர்கள்தான் என்று நினைக்கிறேன். விலாசமும் சில சமயம் தொலைபேசி எண்ணும் மாறும் அந்தக் கட்டத்தில்தான் கடிதம் நம்மைத் தேடுகிறது. ஆகவே கூடப்பிறந்தவரின் விலாசத்தையும் எண்ணையும் இரண்டாவது தொடர்பாகக் கொடுங்கள். அறையைத் திறக்க இன்னொருவருக்கும் எழுத்துபூர்வ அனுமதி வாங்கி வையுங்கள். கணவர் பெயரில் மட்டும் இருந்து, அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால், மனைவி சாவியோடு நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள். நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது, அது பாதுகாப்பு விதி.

சேவை ஒப்பந்தத் தகராறு முற்றினால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர்மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எழுத்தில் இல்லாததை அங்கே நிரூபிப்பது கடினம்.

எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

எவ்வளவு பெரிய அறை என்பதற்கு ஓர் எளிய வழி. எட்டடிக்கு ஐந்தடி அறை என்றால், வீட்டுத் தரையில் அந்த அளவுக்கு ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். சாமான்களை அதற்குள் அடுக்கிப் பாருங்கள். அறை எட்டடி உயரம் இருந்தால் மேலேயும் அடுக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். தேவைக்கு மேல் இருமடங்கு இடம் எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஏணி வைத்து ஏறும் மேல்வரிசை அறைகள் மலிவு, ஆனால் முதியவர்களுக்கு வேண்டாம்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிரூட்டப்பட்ட அறைக்குக் கூடுதல் வாடகை கேட்பார்கள். எஃகு அலமாரிக்கும் பாத்திரத்திற்கும் அது வீண். பட்டுப்புடவை, பழைய புகைப்படம், வீணை, மிருதங்கம், மண் கொலுப் பொம்மைகள் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். பட்டை நெகிழிப் பையில் போட்டுக் கட்டாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. குளிர்பதனப் பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். சலவை இயந்திரக் குழாயில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

அரிசி, பருப்பு, மசாலா டப்பா எதுவும் வேண்டாம். குத்துவிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே கரப்பான் வந்துவிடும். பூஜைச் சாமான்களை ஒரே பெட்டியில் கட்டும்போது சூடமும் விளக்கெண்ணெயும் சேர்ந்து போய்விடுகின்றன. இரண்டும் எரிபொருள். எரிவாயு உருளை, சாயம், தின்னர், பட்டாசு, மின்சைக்கிள் மின்கலன் ஆகியவற்றையும் விலக்க வேண்டும். இது வெறும் கெடுபிடி அல்ல. 2016 ஜூன் 21ஆம் தேதி ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில், ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் இருந்த சேமிப்பறைகளில் பற்றிய தீ 108 மணி நேரம் எரிந்தது. இரண்டு தீயணைப்பாளர்கள் உயிரிழந்தனர். வரிசை வரிசையாகப் பூட்டிய அறைகள், குறுகிய வழிகள். எந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் அவர்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. அறையைப் பார்க்கப் போகும்போது தண்ணீர்த் தெளிப்பான் இருக்கிறதா, வெளியேறும் வழி எங்கே என்று தலையை உயர்த்திப் பாருங்கள்.

கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், உயில், தாலி, நகை இவை உங்களோடுதான் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் பையனின் நேர்முகத்தேர்வுக்கு முதல் நாள் நாற்பது பெட்டியைப் பிரித்த குடும்பம் எனக்குத் தெரியும். பெட்டிக்கு எண் போட்டு, என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதியிருந்தால் அந்த இரவு தூங்கியிருப்பார்கள்.

காலி செய்யும் நாளில் அறையைக் கூட்டித் துடையுங்கள். கிழிந்த அட்டைப்பெட்டியை விட்டு வந்தால்கூட அகற்றும் கட்டணத்தை வைப்புத்தொகையிலிருந்து பிடிப்பார்கள். வெறும் அறையைப் படம் எடுங்கள். பூட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். பூட்டு தொங்கினால் அறை இன்னும் உங்களுடையது என்றே கணக்கில் ஓடும். நுழைவு அட்டையைத் திருப்பித் தந்து, கணக்கு முடிந்தது என்று ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். அடுத்த மாதம் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது, பணம் பிடிப்பது நின்றிருக்கிறதா, வைப்புத்தொகை திரும்பியிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.