இராவணன் ஆடிய அரங்கு

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிக் கடல்வழியே வருவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பது, கடலுக்குள் நீண்டு உயர்ந்து நிற்கும் சுவாமிமலையே. அதன் உச்சியில் கோணேசர் கோயில் விளங்குகிறது. அங்கிருந்த பழைய கோயிலை 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே அருகில் கோட்டை கட்டினர் என்பதை வரலாறு படித்தோர் அறிவர். மலையின் ஒரு பக்கத்தில் ஆழ்ந்த பிளவு ஒன்று காணப்படுகிறது. ‘இராவணன் வெட்டு’ என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். தன் தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்த்துச் செல்ல முயன்ற இலங்கை வேந்தனின் வாள் பட்ட இடம் அது என்பர். நகரிலிருந்து சிறிது தொலைவிலே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாய்க்கு இறுதிக் கடன் ஆற்றுவதற்காக அவற்றைத் தோற்றுவித்தவனும் இராவணனே என்பது ஐதிகம்.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடினார். அவருடைய பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் இடம்பெறுவது பெருவழக்கு. கயிலையைத் தூக்கித் தருக்கழிந்து, பின்னர் இறைவனருள் பெற்றவனாக அவன் அங்கே காட்சி தருகிறான். ஆகவே இந்த வட்டாரத்து மக்களின் நினைவிலே இராவணன் ஒரு மகன், ஒரு சிவபத்தன். இராமகாதையைக் கேட்போருக்கோ அவன் பிறன்மனை நயந்து குலத்தோடு அழிந்தவன். இவ்விரு படிமங்களுக்கும் இடையிலே மூன்றாவது வினா ஒன்று எழுகின்றது. ஆட்சி செலுத்திய அரசன் என்ற வகையில் அவனை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவை ஆட்டத்தாலும் பாட்டாலும் எழுப்பிய படைப்பே ‘இராவணேசன்’ என்னும் கூத்து நாடகம்.

அந்நாடகத்தை விளங்கிக்கொள்ளக் கிழக்கிலங்கைக் கூத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியிலே வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் வழங்குகின்றன. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகளைக் கொண்டது. ஊரின் நடுவே வட்டமாகக் களரி அமைத்து, மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருக்க, இரவு தொடங்கி விடியும் வரை ஆடுவர். அண்ணாவியார் மத்தளம் முழக்குவார்; சல்லரி ஒலிக்கும்; ஆடுவோர் பாடும் பாட்டைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அரங்கேற்றத்துக்கு முன்னர்ச் சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல் எனப் பல மாதப் பயிற்சியும் சடங்குகளும் உண்டு.

இக்கூத்திலே பாத்திரம் ஒவ்வொன்றும் தன் வரவுப் பாட்டுடனும் அதற்குரிய தாளக்கட்டுடனும் களரி புகும். அரசனுக்கு ஒரு நடை. மந்திரிக்கு ஒரு நடை. பெண் பாத்திரத்துக்கு வேறொரு நடை. வடமோடி அரசர் அணியும் கரப்புடுப்பு அகன்று பருத்தது. முடியும் புயங்களிற் பூட்டும் அணிகளும் அதனுடன் சேர, உடலின் மேல் ஒரு பாரமே ஏறிவிடுகிறது. அப்பாரத்தோடு சுழன்று ஆடுபவனைக் காணும்போது, அரசன் வாய் திறக்குமுன்னரே அவனுடைய ஆற்றலும் செருக்கும் அவையோருக்குப் புலப்பட்டுவிடுகின்றன.

1956ஆம் ஆண்டிலே பேராசிரியர் சரச்சந்திரர் சிங்கள நாடகமாகிய ‘மனமே’யை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய ‘நாடகம்’ என்னும் பழைய சிங்கள ஆடல் மரபு அதற்கு உரமாயிற்று. சிங்கள அரங்குக்கு இவ்வாறு புத்துயிர் கிடைத்ததைக் கண்ட பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்துக் களரியிலே கிடந்த கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. அதனைத் தொடர்ந்து ‘நொண்டி நாடக’மும், அறுபதுகளின் நடுப்பகுதியில் ‘இராவணேச’னும் வந்தன. அந்நாளில் மாணவராயிருந்து பின்னர்ப் பேராசிரியரான சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இந்த நூற்றாண்டிலே அவர் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைப் பயிற்றி அதனை மீண்டும் மேடையேற்றினார்.

முன்னைய நாடகங்கள் பழைய கூத்தின் சுருக்கங்களாக அமைந்தன. ‘இராவணேசன்’ அவற்றினும் ஒரு படி முன்சென்று, நாயகனின் உள்ளப் போராட்டத்தை நடுவே நிறுத்தியது. கதை யாவரும் அறிந்ததே. கம்பன் காட்டும் முதல் நாட் போரிலே இராவணன் படைக்கலம் யாவும் இழந்து வெறுங்கையோடு நகர் திரும்புகிறான். அப்போது அவன் முன் இரு வழிகள் உள்ளன. சீதையை விடுத்தால் போர் நிற்கும், குடிகள் பிழைப்பர். விடுக்காவிடில் தம்பியும் மைந்தனும் படையும் ஒருவர் பின் ஒருவராக மாள்வர். கும்பகர்ணன் அறம் எடுத்துரைக்கிறான். கேளாதபோதும் அண்ணனுக்காகக் களம் சென்று மடிகிறான். இந்திரசித்தும் சீதையை விட்டுவிடுமாறு சொல்லிப் பார்த்தே இறுதிப் போருக்குப் புறப்படுகிறான். மண்டோதரியோ கணவனையும் இழந்து கலங்குகிறாள். தன் மானமே நாட்டின் மானம் என்று ஓர் அரசன் கருதத் தொடங்கினால் அதற்குரிய விலையை யார் கொடுக்கின்றனர் என்பதே இங்கு எழும் அரசியல் வினா.

இதனை விவாதமாக நிகழ்த்த ஆட்டத்தால் இயலாது. சட்டத்தையும் உடன்படிக்கையையும் கால்களால் விளக்க முடியாது. ஆயினும் அதிகாரம் ஒருவனது உடலில் எவ்வாறு குடியிருக்கின்றது, எவ்வாறு நீங்குகின்றது என்பதை ஆட்டத்தைப் போல் வேறெக்கலையும் காட்டுவதில்லை. ஜெர்மனியக் கலைஞர் குர்ட் யோஸ் 1932இல் அமைத்த ‘பச்சை மேசை’ என்னும் நாட்டிய நாடகத்தை இதற்கு ஒப்பாகக் கூறலாம். அதிலே அரச தூதர்கள் மேசையைச் சூழ்ந்து வாதிடுகின்றனர், போர் மூளுகின்றது, எளிய மக்களை மரணம் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டு செல்கின்றது, இறுதியில் தூதர்கள் மீண்டும் அதே மேசைக்கு வந்து சேர்கின்றனர். சொல் ஒன்றுமின்றியே அவையோர் அனைத்தையும் உணர்ந்துகொள்கின்றனர். கூத்துக்கோ பாட்டும் துணைநிற்கின்றது. கொலுவிலே நிலம் அதிர ஆடியவன் உறவெல்லாம் இழந்து தனியே களம் புகும்போது, பாரமான அதே உடையும் அதே முடியும் அவையோர் கண்ணுக்கு வேறு பொருள் தருகின்றன.

இம்மாற்றத்தால் கூத்து இழந்தவையும் உண்டு. இரவு முழுவதும் நிகழ்ந்தது ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. நாற்புறமும் சூழ்ந்திருந்த ஊரார் ஒருபுறம் அமர்ந்து நோக்கும் அவையோராயினர். களரியிலே ஆடுபவன் ஊர்ப்பிள்ளை. அவனது சதங்கை அணிவிழா உற்றார் யாவர்க்கும் பொதுவான விழா. நகர மண்டபத்தில் அந்த உறவு இல்லை. மரபு சிதைகின்றது என்று சிலர் கவன்றதிலும் நியாயம் இருந்தது. எனினும், படித்தோர் இழிவாக எண்ணி ஒதுக்கிய கலை பல்கலைக்கழக மேடையில் ஏறியதனால் அதனை ஆடிய கிராமத்து மக்களுக்கும் மதிப்பு உயர்ந்தது என்பதை மறுத்தல் அரிது. களரியும் மேடையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஆசான் மற்றொன்றிலிருந்தே வரவேண்டும்.

இன்று கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் இராவணனின் சிலையை அங்கே காணலாம். சிலை அவனுடைய பத்தியைப் புலப்படுத்தும். தன்னைச் சூழ்ந்தோர் கூறிய நல்லுரையை ஏலாத வேந்தன் தன் நாட்டுக்குச் செய்தது யாது என்பதைச் சிலை சொல்லாது. அவ்வினாவை மத்தளம் முழங்க ஒருவன் கரப்புடுப்பு அணிந்து ஆடியே எழுப்புதல் வேண்டும். குடாக்கடலைச் சூழ்ந்த ஊர்களிலும் மட்டக்களப்பிலும் கூத்து ஆடும் கால்கள் உள்ளவரை, அவ்வினாவும் வாழும்.