நாற்று கருகுதா? உரத்தைக் குறைங்க!

மொட்டை மாடியில் தக்காளி விதை போட்டாச்சு. முளை எட்டிப் பார்த்ததுமே 'சீக்கிரம் வளரட்டுமே' என்று ஒரு ஸ்பூன் உரம். நாலே நாளில் இலை நுனி கருகி, நாற்று தலை சாய்கிறது. காரணம் பசி இல்லை, அஜீரணம்!

முதல் சாப்பாடு எப்போ?

முளைக்கத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. முதலில் விரியும் இரண்டும் விதையிலைகள். அப்போது தண்ணீரும் வெளிச்சமும் போதும். குழந்தைக்கு ஆறு மாசம் கழிச்சுத்தானே சோறு ஊட்டுகிறோம்? அதுபோல, அந்தச் செடிக்கே உரிய வடிவில் அடுத்த ஜோடி இலைகள் வந்த பிறகுதான் உரம்.

மண்ணில் மண்புழு உரம் கலந்திருந்தால் இன்னும் பொறுக்கலாம். வெறும் தென்னை நார்க்கழிவில் வளர்ப்பவர்கள் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்; அதில் சத்து மிகக் குறைவு. குழித்தட்டுத் தக்காளி நாற்றுக்கு, விதைத்த 18-வது நாளில்தான் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

ஏன் கருகுது?

ரசாயன உரங்கள் உப்பு வகை. மாங்காயில் உப்பு போட்டால் தண்ணீர் விடுமே, அளவு மிஞ்சினால் வேரிலும் அதுதான் நடக்கும். கடலோர ஊர்களில் போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். மழைநீர் கிடைத்தால் நாற்றுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

மீனவர் ஊரில் ஒரு உரம்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் மீன் தலைக்கும் குடலுக்கும் பஞ்சமில்லை. குப்பைக்குப் போகும் அதிலிருந்தே மீன் அமிலம் செய்யலாம். கொரியாவின் சோ ஹான்-கியூ வகுத்த இயற்கை வேளாண் முறையில் இடம்பெற்ற இது, இப்போது தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளிடமும் பரவலாகப் புழங்குகிறது.

* மீன் கழிவும் வெல்லமும் சம எடை. கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு!
* முக்கால் ஜாடி மட்டும் நிரப்பி, துணியால் மூடி நிழலில் வைக்கவும்.
* மூன்று வாரத்துக்குப் பிறகு, பழ வாசனை வந்ததும் வடிகட்டவும். நாற்றம் அடித்தால் வெல்லம் போதவில்லை.

வளர்ந்த செடிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி. நாற்றுக்கு 1 மில்லியே போதும், வாரம் ஒருமுறை. மண் காய்ந்திருந்தால் முதலில் வெறும் தண்ணீர், அப்புறம்தான் உரம்.

நெட்டையா வளருதா?

தண்டு மெலிந்து நீண்டால் அது உரம் கேட்கவில்லை, வெளிச்சம் கேட்கிறது. தொட்டியை வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்க.

புதிய உரம் எதுவானாலும் முதலில் இரண்டே நாற்றுக்குக் கொடுத்து, மூன்று நாள் கவனியுங்க. அவை தெளிவாக நின்றால் மற்றவற்றுக்கும் கொடுக்கலாம்.