அளவு ஒன்றானாலும் சாமான் சேருமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கேன் சுமந்த டி.வி.எஸ். 50, ராஜபாளையத்தில் மில் ஷிஃப்டுக்குப் போய்வந்த ஆர்.எக்ஸ். 100, இன்ட்-சுசுகி எல்லாம் பல வீடுகளில் சாக்கு மூடிக் கிடக்கின்றன. இவற்றை மறுபடி ஓட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "வேற வண்டிச் சாமான் இதுக்குச் சேருமா?" என்பதைத்தான்.

பேரிங் தாராளமாகச் சேரும். 6204 என்று பொறித்திருந்தால், எந்தக் கம்பெனி பேரிங்கானாலும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. தான். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் பார்த்து வாங்குங்கள். ஆயில் சீலிலும் மூன்று அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். கிராங்க் சீல் கசிந்தால் எஞ்சின் வெளிக்காற்றை இழுக்கும். பெட்ரோலோடு வரும் ஆயில் போதாமல் பிஸ்டன் ஜாம் ஆகும்.

பிஸ்டன் விஷயம் வேறு. ஆர்.எக்ஸ். 100, இன்ட்-சுசுகி இரண்டுக்குமே போர் 50, ஸ்ட்ரோக் 50 மி.மீ.; 98 சி.சி. அதை நம்பி ஒன்றின் பிஸ்டனை மற்றதில் போட்டுவிடக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு செய்யும் வேலையை டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே செய்கிறது. பிளாக்கில் உள்ள போர்ட்டுகளைத் திறந்து மூடுவது அதுதான். பிஸ்டன் பின்னிலிருந்து தலைவரை உள்ள உயரம் 1 மி.மீ. மாறினாலும் போர்ட் திறக்கும் நேரம் மாறிவிடும்; உயரம் கூடினால் ஹெட்டில் இடிக்கவும் செய்யும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின் விட்டம், தலை உயரம், ரிங் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஆணியின் இடம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ரிங்கின் வாய் அந்த ஆணியில்தான் உட்காரும். அது போர்ட்டுக்கு நேராக வந்தால் ரிங் முனை மாட்டி உடையும். தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ஓவர்சைஸ் போடுவதானால் முதலில் பிஸ்டனை வாங்குங்கள். லேத்தில் அதை அளந்து, அதற்கேற்ப பிளாக்கை போர் செய்யட்டும்.

கிராங்க் கேஸின் இரு பாதிகளும் ஜோடியாகக் கடைந்தவை. வேறொன்றின் பாதியைச் சேர்க்காதீர்கள். எஞ்சின் நம்பரும் அதில்தான் இருக்கிறது. கேஸையோ சி.சி.யையோ மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்.

பூட்டி முடித்ததும் முறுக்காதீர்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நிதானமாகப் போய், எஞ்சினை ஆறவிட்டுத் திரும்புங்கள். புது ரிங் பிளாக்கோடு பழகுவது அந்த ஓட்டத்தில்தான்.