கை எங்கே? மனம் எங்கே?



"கவனமாப் படி" என்று சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆனால் கவனத்தை எப்படிப் பழகுவது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் அதைக் கற்றுக்கொண்டது லேத் மெஷின் முன்னால்.

இரண்டாம் ஆண்டு. கணக்கில் அரியர் என்று காலையில்தான் தெரிந்தது. மதியம் ஒர்க்‌ஷாப். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து எனக்கு ஃபீஸ் கட்டும் அம்மாவிடம் என்ன சொல்வது? அந்த நினைப்பிலேயே சுவிட்சைப் போட்டேன். சக் கீ சக்கிலேயே இருந்தது! விர்ரென்று பறந்து, நண்பனின் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் மோதியது. ஒரு சாண் தள்ளியிருந்தால்... இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

சார் ஓடிவந்து மெயினை அணைத்தார். அடி விழும் என்று நின்றேன். அவரோ கண நேரம் பேசவில்லை. மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். பிறகுதான், "கை இங்க இருந்துச்சு, மனசு எங்கடா இருந்துச்சு?" என்றார். அவர் கத்தியிருந்தால் அவமானம் மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருக்கும். அந்த ஒரு மூச்சினால் பாடம் மிஞ்சியது.

இது புதிதா?

இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறார்கள். நடப்பதை நடக்கும்போதே விழிப்போடு கவனிப்பது என்பதுதான் பொருள். பௌத்தர்கள் பாலி மொழியில் 'சதி' என்றது இதைத்தான். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் மத அடையாளம் இல்லாமல், நோயாளிகளுக்கான பயிற்சியாக இதைத் தொடங்கினார். 2018-ல் டெல்லி அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'மகிழ்ச்சிப் பாடத்திட்ட'த்திலும் இதற்கு இடம் தந்தார்கள்.

எப்படி உதவுகிறது?

பயம் வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். மூளை ஒரு நேரத்தில் கொஞ்சம் விஷயங்களைத்தான் கையில் வைத்திருக்க முடியும். அந்த இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால், தெரிந்த ஃபார்முலாவும் பரீட்சை ஹாலில் மறந்துபோகிறது. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. கோபம் வந்த ஆசிரியருக்கும் இதே கதைதான்.

ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. வழக்கமான வகுப்புகளைவிட மாணவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பழகவே இல்லை! சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கோ பணிச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஆகவே முதலில் பழக வேண்டியவர்கள் ஆசிரியர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. (சார்கள் மன்னிக்க!)

நான் செய்வது

1. காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சை மட்டும் கவனிக்கிறேன். மனசு ஓடும், திட்டாமல் கூட்டி வருகிறேன்.

2. மெஷினைத் தொடுமுன் ஒரு மூச்சு. சக் கீ கையில் இருக்க வேண்டும், இல்லையேல் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

3. படிக்கும்போது செல்போன் அடுத்த அறையில்.

கண்ணை மூடினால் சிலருக்குக் கலக்கம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம், அல்லது விட்டுவிடலாம். மனபாரம் தாங்கவில்லையென்றால் 14416 என்ற அரசு இலவச எண்ணில் பேசலாம். அதில் வெட்கம் எதற்கு?

நம் கரிசல் காட்டு மானாவாரி விவசாயி மழைக்கு முன்பே உழுது வைக்கிறார். மழை கொட்டிய பிறகு கலப்பையைத் தேடினால் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும். நாமும் பரீட்சைக்கு முந்தின இரவு மூச்சைத் தேடிப் பயனில்லை.

அன்று இரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "அரியர் போனாப் போகுதுல, யார் மேலயும் படலியே?" என்றுதான் கேட்டாள்.

அடுத்த தேர்வில் அரியர் போய்விட்டது. அது மூச்சினால் அல்ல, படித்ததால். ஆனால் என்னைப் படிக்க உட்கார வைத்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

நாளை ஒர்க்‌ஷாப்பில் சுவிட்சைப் போடுமுன் நீங்களும் கேட்டுப் பாருங்கள், நண்பர்களே: கை எங்கே? மனம் எங்கே?