மாக்-அப்: வேலை செய்யாத மாடலுக்கு என்ன வேலை?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் தொழிற்சாலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ கார் வெளிவந்தது. நோக்கியா 2006-ல் இங்கே மொபைல் போன் தயாரிக்கத் தொடங்கியது. 2014-ல் அந்த ஆலை மூடப்பட்டது. இப்போது பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. இப்படி லட்சக்கணக்கில் வெளியே வரும் பொருள்கள் எல்லாம், அசெம்பிளி லைனுக்கு வருவதற்கு முன், ஏதோ ஒரு டிசைன் ஸ்டுடியோவில் வெறும் கூடாக இருந்தவைதான். அந்தக் கூட்டின் பெயர் மாக்-அப்.

மாக்-அப்பில் சர்க்யூட், பேட்டரி எதுவும் இருக்காது. பார்க்க எப்படி இருக்கும், எவ்வளவு பெரிது, கைக்கு அடக்கமா என்பதை மட்டும் அது காட்டும். கார் கம்பெனிகள் முழு அளவுக் காரையே களிமண்ணில் செய்து, மேலே பளபளக்கும் தாளை ஒட்டிவிடுவார்கள். சற்றுத் தள்ளி நின்றால் நிஜக் கார் என்றே தோன்றும். பாம்பைலட் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் 1996-ல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் அதை எடுத்துக் குறிப்பது போலப் பாவனை செய்வாராம்! எந்த அளவு பைக்குள் அடங்கும் என்று அந்தக் கட்டைதான் அவருக்குச் சொன்னது.

தமிழில் ‘மாதிரி’ என்று எழுதினால் குழப்பம் வரும். சாம்பிளும் மாதிரிதான், மாதிரி வினாத்தாளும் மாதிரிதான். ‘போலி’ என்றாலோ ஏமாற்று வேலை என்று அர்த்தமாகிவிடும். மாக்-அப்பை ‘வடிவ மாதிரி’ என்றும், ஓரளவாவது வேலை செய்யும் புரோட்டோடைப்பை ‘இயங்கும் மாதிரி’ என்றும் சொல்லலாம். மொபைல் கடை அலமாரியில், திரைக்குப் பதில் படம் ஒட்டி வைத்திருப்பது டம்மி பீஸ். அதுவும் மாக்-அப்பின் தம்பிதான். சாப்ட்வேர், வெப்சைட் செய்பவர்களும் முதலில் திரையின் படத்தை மட்டும் வரைந்து காட்டுவார்கள். அதில் உள்ள பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதையும் மாக்-அப் என்றே சொல்கிறார்கள்.

இது வேலை செய்யாது என்று பார்ப்பவருக்கும் தெரியும்வரை பிரச்னை இல்லை. 2016-ல் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று விளம்பரம் வந்தது நினைவிருக்கலாம். நிருபர்களிடம் தரப்பட்டது வேறொரு கம்பெனியின் போன். அதன் பெயர்மேல் வெள்ளை மை பூசியிருந்தது! ஆகவே முன்பணம் கட்டச் சொன்னால், காட்டுவது வடிவ மாதிரியா, இயங்கும் மாதிரியா, கைக்கு வரப்போகும் அதே பொருளா என்று கேளுங்கள். ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மாக்-அப் உங்களுக்கும் உதவும். 24 அங்குல அகலத்திரை மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? பழைய அட்டைப்பெட்டியில் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். இது திரையின் அளவு. சட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மேஜையில் நிறுத்தி, உட்கார்ந்து பாருங்கள். அலமாரிக் கதவு இடிக்கிறதா? கீபோர்டு வைத்தபின் கையை ஊன்ற இடம் இருக்கிறதா? இடம் போதாவிட்டால் 22 அங்குலத்துக்கு, அதாவது 49-க்கு 27 செ.மீ. என்று வெட்டி, மறுபடி வைத்துப் பாருங்கள்.