யார், எப்போது சொல்ல வேண்டும்?

இணையப் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது மறைச்சொல்லும் மோசடிக் குறுஞ்செய்தியும்தான். தெரியாத இணைப்பைத் தட்டக்கூடாது என்று பிள்ளைகளே அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நம் கைக்கு எட்டாத கணினிகள் சில இருக்கின்றன. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கணினி, தண்ணீர்ச் சுத்திகரிப்பைக் கண்காணிக்கும் கணினி, மருத்துவமனையில் நம் மருந்து விவரங்களை வைத்திருக்கும் கணினி. அவற்றை யார் காப்பது? தவறினால் யாரைக் கேட்பது?

இதற்காக வந்ததுதான் இணையப் பாதுகாப்புச் சட்டம். 2018 பிப்ரவரி 5ஆம் தேதி நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி நடப்புக்கு வந்தது. எரிசக்தி, தண்ணீர், வங்கி மற்றும் நிதி, சுகாதாரம், நிலப் போக்குவரத்து, கடல்துறை, விமானத்துறை, தகவல் தொடர்பு, ஊடகம், பாதுகாப்பு மற்றும் அவசரச் சேவை, அரசாங்கம் என 11 துறைகளை அது அத்தியாவசியமானவை என்கிறது. என் பிழைப்பான ஊடகமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கேட்டு நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். ஆபத்து வேளையில் மக்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டாமா?

ஒரு நிறுவனத்தின் எல்லாக் கணினிகளும் இந்தச் சட்டத்திற்குள் வருவதில்லை. எந்தக் கணினி முடங்கினால் சேவையே நின்றுபோகுமோ, அதை மட்டும் இணையப் பாதுகாப்பு ஆணையர் எழுத்து மூலம் குறிப்பிடுகிறார். குறிப்பிட்ட பிறகு அதன் உரிமையாளருக்குக் கடமைகள் வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது அபாய மதிப்பீடு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது தணிக்கை. இவை எந்தத் துறையிலும் உள்ளவைதாம். என்னைக் கேட்டால் சட்டத்தின் உயிர் இன்னொரு விதியில் இருக்கிறது. ஊடுருவல் நடந்திருப்பது தெரிய வந்த இரண்டு மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தகவல் போக வேண்டும். முழு விவரம் பிறகு வரலாம்; முதல் தகவல் காத்திருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம்? சட்டம் நிறைவேறி, நடப்புக்கு வருவதற்கு முன்பே நடந்த சிங்ஹெல்த் சம்பவத்தைப் பாருங்கள். ஊடுருவிகள் 2017 ஆகஸ்டிலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை அள்ளிச் சென்றார்கள். சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர்.

ஊழியர்கள் யாருமே கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏதோ சரியில்லை என்பது தொழில்நுட்ப ஊழியர்கள் சிலருக்கு ஜூன் மாதமே தெரிந்திருந்தது. ஜூலை 4ஆம் தேதி தரவுத்தளத்தில் நடந்த விபரீதத்தைக் கண்டு தடுத்ததும் அப்படிப்பட்ட ஓர் ஊழியர்தான். ஆனால் விஷயம் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குப் போனது ஜூலை 10ஆம் தேதி. மேலிடத்தில் சொன்னால் தன் குழுவுக்கு நெருக்கடி கூடும் என்ற தயக்கம் பொறுப்பில் இருந்த ஒருவருக்கு இருந்ததை, முன்னாள் தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு வெளிக்கொண்டு வந்தது. எந்த அலுவலகத்தில்தான் இந்தத் தயக்கம் இல்லை? ‘உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம்’ என்பது நமக்கெல்லாம் பழகிய பேச்சு. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் இரண்டு மணி நேரக் கெடு. சட்டம் வந்தபோது, தகவல் சொல்லத் தவறும் உரிமையாளருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்தார்கள்.

இனி இன்னொரு சிக்கல். வங்கியின் கணினி வங்கிக்குள்தான் இருக்கிறதா? 2023 அக்டோபர் 14ஆம் தேதி டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் தடைப்பட்டபோது பலருக்கு விடை கிடைத்தது. வேறொரு நிறுவனத்தின் தரவு நிலையத்தில் குளிரூட்டும் முறை பழுதானது. அதனால் இங்கே ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியவில்லை. ஊடுருவல் எதுவும் இல்லை, வெறும் பழுதுதான். ஆனாலும் நம் அன்றாட வாழ்க்கை யாருடைய கட்டடத்தில் ஓடுகிறது என்பது அன்று தெரிந்தது.

பழைய சட்டம் கணினியின் உரிமையாளரையே பிடித்தது. கணினியை வாடகைக்கு எடுத்து நடத்துபவரை அது சரியாகத் தொடவில்லை. 2024 மே 7ஆம் தேதி நிறைவேறிய திருத்தம் அந்த ஓட்டையை அடைக்க முற்பட்டது. அத்தியாவசியச் சேவை தருபவர் அடுத்தவர் கணினியைப் பயன்படுத்தினாலும் பொறுப்பு அவருடையதே. தேவையான பாதுகாப்பை அந்த அடுத்தவரிடம் ஒப்பந்தம் போட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘குத்தகைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்’ என்ற சமாதானம் இனி எடுபடாது. தரவு நிலையங்களையும் மேகக் கணினிச் சேவைகளையும் கண்காணிக்க வழி செய்ததும் அதே திருத்தம்தான்.

இதெல்லாம் வீண் பயம் என்பவர்களுக்கு ஒன்று. யுஎன்சி3886 என்ற ஊடுருவல் குழு நம் முக்கிய உள்கட்டமைப்பைத் தாக்கி வருவதாக 2025 ஜூலையில் அமைச்சர் கா. சண்முகம் வெளிப்படையாகவே அறிவித்தார்.

சரி, இரண்டு மணி நேரத்தில் ஆணையருக்குத் தெரியும். நமக்கு எப்போது தெரியும்? சிங்ஹெல்த் விஷயம் பொதுமக்களுக்குத் தெரிய ஜூலை 20ஆம் தேதி ஆனது. இணையப் பாதுகாப்புச் சட்டம் காப்பது சேவையை. நம் தகவலைக் காப்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அதன் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் 2019ல் அபராதம் விழுந்தது அந்த இரண்டாவது சட்டத்தின்கீழ்தான். கடுமையான தகவல் கசிவைக் கண்டறிந்த நிறுவனம் மூன்று நாள்களுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும், பெரும் பாதிப்பு வரக்கூடுமானால் சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரியில் அதில் சேர்ந்தது. அப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால், விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.